மூன்று மீட்டர் ஆழத்தின் செலவுக் கணக்கு

நீரடிக் கேமராவின் பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் அச்சாகும் எண் ஆழம். கோப்ரோ ஹீரோ 13 பிளாக் 10 மீட்டர். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 15 மீட்டர். ரிக்கோ டபிள்யூஜி-6 20 மீட்டர். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்பி140 25 மீட்டர். நிக்கான் டபிள்யூ300 30 மீட்டர். பானாசோனிக் எஃப்டி7 31 மீட்டர். ஸ்நார்க்கெல் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கவிழ்ந்து மிதப்பவரின் கண்ணாடி நீர்மட்டத்துக்குச் சுமார் 10 செ.மீ. கீழே இருக்கும். மூச்சை அடக்கித் தலைகீழாக ஒரு முழுக்குப் போட்டால் 3 மீட்டர். அதற்குக் கீழே தயக்கமின்றிப் போகிறவர்கள் பெரும்பாலும் பழகியவர்கள். இந்த 3 மீட்டரை அளவாகக் கொண்டால் 10 மீட்டர் கேமராவில் 3.3 மடங்கு தாங்குதிறன் இருக்கிறது. 31 மீட்டர் கேமராவில் 10.3 மடங்கு. இரண்டுக்கும் இடையிலான 21 மீட்டரை ஸ்நார்க்கெல் செய்பவர் எந்நாளும் தொடப்போவதில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஓர் இடம்: திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புறாத்தீவு. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, 471 ஹெக்டேர் பரப்புள்ள கடற்பகுதி. கிழக்குக் கரை அமைதியாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் படகுகள் ஓடும். பவளப்பாறை கரையை ஒட்டியே தொடங்குகிறது. நான் மிதந்த இரண்டு நாளிலும் காலுக்குக் கீழே இருந்த நீர் 1 மீட்டரில் தொடங்கி 4 மீட்டருக்குள் முடிந்தது. கருமுனைச் சுறாவை நான் பார்த்தது 1.5 மீட்டர் ஆழத்தில். பெட்டி மேலிருந்த 30 என்ற எண்ணில் அது 5 சதவீதம்.

ஆழத்தை அழுத்தமாக மாற்றினால் கணக்கு கைக்கு வரும். கடல்நீரின் அடர்த்தி தூய நீரைவிட சுமார் 2.5 சதவீதம் கூடுதல். ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் 1.025 கிலோ அழுத்தம். வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தமும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோதான். அதாவது 10 மீட்டர் ஒரு குக்கர், 30 மீட்டர் மூன்று குக்கர், 3 மீட்டர் ஒரு குக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. படகிலிருந்து கேமராவோடு குதித்தால்? 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் நீரைத் தொடும் வேகம் விநாடிக்கு 6.3 மீட்டர், அந்த வேகம் தரும் அழுத்தம் மேலும் 2 மீட்டர் ஆழத்துக்குச் சமம். நீரில் அறையும் அந்தக் கணத்தின் அதிர்ச்சி இதைவிடக் கூடலாம் என்பதால் குதிக்காமல் இறங்குவது நல்லது. அப்படியே கூட்டினாலும் மொத்தம் 5 மீட்டர்.

பேட்டரிக் கதவு 4 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம் என்று கொள்வோம். பரப்பு 8 சதுர செ.மீ. 3 மீட்டர் ஆழத்தில் அதன் மேல் 2.5 கிலோ அமுங்குகிறது. 15 மீட்டரில் 12.3 கிலோ, 30 மீட்டரில் 24.6 கிலோ. இந்த விசை வெளியிலிருந்து உள்நோக்கியது. கதவை அதன் ரப்பர் மேல் இன்னும் இறுக்குவது. குக்கரின் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லையென்றால் ஆவி ஒழுகுவது அழுத்தம் ஏறுவதற்கு முன்புதான். ஏறிய பிறகு அடைத்துக்கொள்வதும் உண்டு. கேமராக் கதவுக்கும் இந்த ஒப்புமை ஓரளவு பொருந்தும். ரப்பரில் குறை இருந்தால் அது தெரியவருவது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, முதல் ஒன்றிரண்டு மீட்டரில்.

இதை நான் 24,000 ரூபாய் கொடுத்துக் கற்றேன். 30 மீட்டர் என்று எழுதியிருந்த கேமரா அது. இரண்டு பயணம், மூன்று நாள், நீருக்குள் மொத்தம் 4 மணி நேரம் வேலை செய்தது. மூன்றாம் நாள் படகிலேயே, துவட்டாத கையோடு, பேட்டரியை மாற்றினேன். அடுத்த முறை இறங்கி முழங்கால் ஆழம் தாண்டியதும் திரையின் ஓரத்தில் ஒரு நீர்த்திட்டு தெரிந்தது. கரைக்கு வந்து கதவைத் திறந்தால் ரப்பருக்குக் குறுக்கே ஒற்றைத் தலைமுடி, என்னுடையது. மனிதத் தலைமுடியின் தடிமன் பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. பேட்டரியின் தொடுமுனை மூன்றில் ஒன்று அதற்குள் பச்சை பூத்திருந்தது. 24,000 ரூபாயை 4 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 6,000 ரூபாய். கேமரா 30 மீட்டர் தாங்கும் என்பதில் பொய் ஏதும் இல்லை. அந்த முடிக்கு 30 மீட்டர் தெரியாது.

உப்பும் முடியைப் போலத்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. கதவின் பள்ளத்தில் 1 மில்லிலிட்டர் நீர் தங்கி வெயிலில் காய்ந்தால் 35 மில்லிகிராம் உப்பு படிகமாக எஞ்சும். மென்மணலின் ஒரு துகள் 0.125 முதல் 0.25 மி.மீ. வரை, முடியைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன். டிஜி-4 முதல் டிஜி-7 வரை எல்லாவற்றிலும் கதவு இரண்டு: கீழே பேட்டரிக்கும் கார்டுக்கும் ஒன்று, பக்கவாட்டில் மின்னேற்றத்துக்கு ஒன்று. நாளுக்கு இருமுறை பேட்டரிக் கதவைத் திறந்தால் 4 நாளில் 8 திறப்பு. காலையில் முழு மின்னேற்றத்தோடு கிளம்பி, இரவில் அறையில் மட்டும் திறந்தால் 4. திறப்பைப் பாதியாக்க ஒரு ரூபாயும் செலவில்லை.

அழுத்தத்தை விட்டு ஒளிக்கு வந்தால் எண்கள் இன்னும் கடுமையாகின்றன. தூய நீர் ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு விழுங்குகிறது என்பதற்கு 1997-இல் போப், ஃபிரை இருவரும் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் அடிப்படையாகப் பயன்படுகின்றன. 650 நானோமீட்டர் சிவப்புக்கு மீட்டருக்கு 0.340, 550 நானோமீட்டர் பச்சைக்கு 0.0565, 450 நானோமீட்டர் நீலத்துக்கு 0.0092. ஒளி வானிலிருந்து மீன் வரை கீழே வர வேண்டும், மீனிலிருந்து லென்ஸ் வரை பக்கவாட்டில் போக வேண்டும். இரண்டு தூரத்தையும் கூட்ட வேண்டும். 3 மீட்டர் ஆழத்தில் 1 மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்கு மொத்த வழி 4 மீட்டர். எஞ்சும் சிவப்பு 26 சதவீதம். 5 மீட்டர் ஆழம், 2 மீட்டர் தொலைவு என்றால் வழி 7 மீட்டர். எஞ்சும் சிவப்பு 9 சதவீதம், பச்சை 67 சதவீதம், நீலம் 94 சதவீதம். கடையில் எல்லாப் படமும் சிவப்பும் மஞ்சளுமாக இருக்க, நாம் எடுத்த படம் மட்டும் நீலச் சாயத்தில் தோய்த்ததுபோல் இருப்பதற்குக் காரணம் இந்த 9-க்கும் 94-க்கும் உள்ள இடைவெளி. கடல்நீரில் மிதக்கும் துகள்களையும் பாசியையும் சேர்த்தால் எண்கள் இதைவிடக் குறையும், கூடாது.

இதே வாய்பாட்டில் தொலைவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 3 மீட்டர் ஆழத்து மீனை 2 மீட்டரிலிருந்து எடுத்தால் சிவப்பு 18 சதவீதம். 1 மீட்டரிலிருந்து 26. அரை மீட்டரிலிருந்து 30. மீனே 1 மீட்டர் ஆழத்தில் இருந்து அரை மீட்டர் நெருங்கி எடுத்தால் 60. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இடையில் கேமரா மாறவில்லை.

எவ்வளவு ஒளி வருகிறது என்பதற்கு அடுத்து, வரும் ஒளியில் லென்ஸ் எவ்வளவை உள்ளே விடுகிறது என்பது. இங்கே ஆழப் பட்டியலின் வரிசை கலைந்து, அங்கே பின்தங்கிய 15 மீட்டர் கேமரா முன்னுக்கு வருகிறது. 15 மீட்டர் டிஜி-7-இன் திறப்பு அகன்ற முனையில் எஃப்/2.0. 30 மீட்டர் டபிள்யூ300 எஃப்/2.8. 31 மீட்டர் எஃப்டி7 எஃப்/3.3. 20 மீட்டர் டபிள்யூஜி-6 எஃப்/3.5. 25 மீட்டர் எக்ஸ்பி140 எஃப்/3.9. எண்களின் வர்க்க விகிதமே ஒளி விகிதம்: டிஜி-7 உள்ளே விடும் ஒளி டபிள்யூ300-ஐப் போல் 1.96 மடங்கு, எஃப்டி7-ஐப் போல் 2.7 மடங்கு, எக்ஸ்பி140-ஐப் போல் 3.8 மடங்கு. ஐந்திலும் சென்சாரின் அளவு ஏறத்தாழ ஒன்றே; சுமார் 28 சதுர மி.மீ. ஆகவே 16 மீட்டர் கூடுதல் ஆழத்தை வாங்குபவர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒளியை விட்டுக்கொடுக்கிறார். ஸ்நார்க்கெலுக்கு இது நல்ல பேரம் அல்ல.

மெகாபிக்சல் பற்றி ஒரு வரி போதும். 28 சதுர மி.மீ. சென்சாரை 12 மெகாபிக்சலாகப் பிரித்தால் ஒரு பிக்சலுக்கு 2.3 சதுர மைக்ரோமீட்டர், 20.4 மெகாபிக்சலாகப் பிரித்தால் 1.4. ஒளி குறைந்த இடத்தில் முதல் எண் மேல்.

அடுத்த எண் 1.33. நீரின் ஒளிவிலகல் எண் அது. தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸுக்கு, நீருக்குள் எல்லாப் பொருளும் நான்கில் ஒரு பங்கு நெருங்கியும் மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் தெரியும். அதனால் 25 மி.மீ.க்கு நிகரான அகல லென்ஸ் நீருக்குள் 33 மி.மீ. போல நடந்துகொள்கிறது, 28 மி.மீ. லென்ஸ் 37 மி.மீ. போல. இதை நண்பரின் 25 மி.மீ. கேமராவை வாங்கி வந்து, துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் பார்த்தேன். டப்பின் அடியில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேல், 30 செ.மீ. லென்ஸ் அதற்கு 30 செ.மீ. மேலே. டப் காலியாக இருந்தபோது ஸ்கேலின் இருபுறமும் தாராளமாக இடம் மிஞ்சியது. கணக்குப்படி படத்தின் அகலம் 41.5 செ.மீ. லென்ஸ் மூழ்கும்வரை நீர் ஊற்றி அதே உயரத்தில் எடுத்தபோது 0 வெளியே போயிருந்தது, 30-உம் வெளியே போயிருந்தது. கணக்கு சொல்லும் அகலம் 28.4 செ.மீ. கேமராவும் ஸ்கேலும் அசையவில்லை; படத்தின் மூன்றில் ஒரு பங்கை நீர் எடுத்துக்கொண்டது.

இழந்த அகலத்தை மீட்கப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கினால் மேலே சொன்ன சிவப்புக் கணக்கு இறங்கும். 1.5 மீட்டர் நீளமுள்ள கருமுனைச் சுறா முழுதாகப் படத்துக்குள் வர, 25 மி.மீ. கேமரா 1.58 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 28 மி.மீ. கேமரா 1.74 மீட்டர். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 புரோ போன்ற ஆக்‌ஷன் கேமராவின் அறிவிக்கப்பட்ட பார்வைக் கோணம் 155 பாகை. இதை மூலைக்கு மூலை அளவாகக் கொண்டால் நீருக்குள் அது 94 பாகையாகச் சுருங்கும், 25 மி.மீ. லென்ஸின் 82 பாகை 59 ஆகும். அந்த 94 பாகைக்குச் சுறாவிடம் ஏறத்தாழ 0.9 மீட்டர் வரை நெருங்கலாம். சுறா 1.5 மீட்டர் ஆழத்தில் இருந்தால் எஞ்சும் சிவப்பு 1.74 மீட்டரிலிருந்து 33 சதவீதம், 0.9 மீட்டரிலிருந்து 44 சதவீதம். நெருங்குவதற்குச் சுறாவும் சம்மதிக்க வேண்டும் என்பது வாய்பாட்டில் இல்லை.

பெரிய மீனுக்கு ஆக்‌ஷன் கேமரா என்றால் சின்னதுக்கு நேர்மாறு. டிஜி வரிசையின் மைக்ரோஸ்கோப் நிலை லென்ஸிலிருந்து 1 செ.மீ. தொலைவில் ஃபோகஸ் செய்யும். 1 செ.மீ. நீர்ப் பாதையில் சிவப்பின் இழப்பு 0.3 சதவீதம். பவளத்தின் வாய், கடற்சாமந்திக்குள் ஒளியும் மீன், பாறையில் ஒட்டிய புழு இவற்றை எடுக்க விரும்புபவருக்கு நிலையான ஃபோகஸ் உள்ள ஆக்‌ஷன் கேமராவால் இதை ஈடுசெய்ய முடியாது. அலையில் ஆடிக்கொண்டு 1 செ.மீ. தொலைவைப் பிடிப்பது சிரமம். பவளத்தில் கையூன்றிக்கொள்வது அதற்கு வழி அல்ல.

சென்சார் அளவில் ஆக்‌ஷன் கேமராக்கள் சில முந்திவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த ஆஸ்மோ ஆக்‌ஷன் 4-இன் 1/1.3 அங்குல சென்சார், பரப்பில் டிஜி-7-ஐப் போல் சுமார் இரண்டரை மடங்கு. ஆனால் அதன் திறப்பு எஃப்/2.8, ஒளி 1.96-இல் ஒரு பங்கு. பெருக்கி வகுத்தால் எஞ்சும் ஆதாயம் ஒன்றேகால் மடங்கு மட்டுமே. இரண்டரை என்று விளம்பரத்தில் படிப்பவர் அதை இரண்டால் வகுத்துக்கொள்ளலாம்.

விலைக்கு வருவோம். 2015-இல் ஒலிம்பஸ் டிஜி-4 அமெரிக்காவில் 379.99 டாலருக்கு வந்தது. 2017-இல் டிஜி-5 449.99. 2019-இல் டிஜி-6 449.99. 2021 ஜனவரி 1 அன்று ஒலிம்பஸின் கேமராத் தொழில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் கைக்குப் போனது. 2023-இல் டிஜி-7 549.99 டாலர். 8 ஆண்டில் ஏற்றம் 44.7 சதவீதம். இதே காலத்தில் ஆழம் 15 மீட்டரிலேயே நின்றது. அகன்ற முனைத் திறப்பு எஃப்/2.0 மாறவில்லை. ஒரு பேட்டரியில் எடுக்கக்கூடிய படங்கள் 380-இலிருந்து 340, 340, 330 என்று இறங்கின. 13 சதவீதம் குறைவு. மெகாபிக்சல் 16-இலிருந்து 12. இடையில் 4கே வீடியோ வந்தது, மின்னேற்ற முனை யுஎஸ்பி-சி ஆனது. ஸ்நார்க்கெல் செய்பவரின் கோணத்தில் டிஜி-6-க்கும் டிஜி-7-க்கும் உள்ள வேறுபாடு முக்கியமாக 100 டாலர், 10 படம், 4 கிராம்.

போட்டி குறைந்ததும் விலைக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஜப்பானியக் கேமராத் தொழில் சங்கத்தின் கணக்கில், லென்ஸ் பொருத்திய சிறு கேமராக்கள் 2010-இல் உலகெங்கும் சுமார் 10.86 கோடி அனுப்பப்பட்டன. 2023-இல் சுமார் 17 லட்சம். நூறுக்கு இரண்டு கூட இல்லை. கேனனின் 25 மீட்டர் டி30 2014-இல் வந்தது. நிக்கானின் 30 மீட்டர் டபிள்யூ300 2017-இல் வந்தது. ஃபியூஜியின் எக்ஸ்பி140 2019-இல் வந்தது. மூன்றுக்கும் அடுத்த மாதிரி வரவில்லை. பழைய இருப்பையோ செகண்ட் ஹேண்டையோ வாங்குபவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்: கேமரா கிடைக்கும், ரப்பர் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

இந்தப் பொருளின் பரம்பரையில் புகழ்பெற்ற பெயர் நிக்கானாஸ். 1963-இல் அந்தப் பெயரில் சந்தைக்கு வந்த 35 மி.மீ. ஃபிலிம் கேமரா; கடைசி மாதிரிகளில் ஒன்றான நிக்கானாஸ் 5, 1984-இல் வந்து 50 மீட்டர் வரை தாங்கியது. ஒரு முழுக்கில் 36 படம். அதற்குமேல் வேண்டுமென்றால் கரைக்கு வந்து, கை உலர்த்தி, சுருள் மாற்ற வேண்டும். டிஜி-7-இன் 330 அதற்கு 9 மடங்கு. 36-உடன் போனவர்கள் ஒவ்வொரு படத்தையும் எண்ணித்தான் எடுத்திருப்பார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவு? கணக்கு வசதிக்காகக் கேமராக்கள் வெளியானபோது இருந்த அமெரிக்க விலையை எடுத்து, 1 டாலரை 85 ரூபாய் என்று கொள்கிறேன். இந்தியக் கடைவிலை வரியோடு இதிலிருந்து மாறும். ஆண்டுக்கு 4 நாள், நாளுக்கு ஒன்றரை மணி, 5 ஆண்டு: நீருக்குள் 30 மணி நேரம். டிஜி-7 46,749 ரூபாய், மணிக்கு 1,558. ஹீரோ 13 பிளாக் 399.99 டாலர், 33,999 ரூபாய்; மணிக்கு 1,133. ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 புரோ 349 டாலர், 29,665 ரூபாய், மணிக்கு 989. 2024-இல் வந்த, பின்னொட்டு ஏதுமில்லாத கோப்ரோ ஹீரோ 199.99 டாலர், 16,999 ரூபாய்; மணிக்கு 567. இதன் ஆழம் 5 மீட்டர்தான், எடை 86 கிராம், பேட்டரியைக் கழற்ற முடியாது. 3 மீட்டருக்கு 5 மீட்டர் 1.67 மடங்கு இருப்பு. நிதானமாக இறங்குபவருக்குப் போதும், குதிப்பவருக்குப் போதாது.

கழற்ற முடியாத பேட்டரியை நான் குறையாகப் பார்க்கவில்லை. திறக்காத கதவில் முடி சிக்காது.

30 மணி நேரம் என்ற அனுமானம் கேமரா 5 ஆண்டு உயிரோடு இருப்பதை நம்பியது. இரண்டாம் ஆண்டு இறுதியில் மூழ்கினால் டிஜி-7-இன் மணிக் கணக்கு 1,558-இலிருந்து 3,896-ஆக ஏறும். நீர்த்தடுப்பு ரப்பரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இந்த வகைக் கேமராக்களின் கையேடுகளில் வழக்கம். அதற்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால் மணிக்கு 333 ரூபாய் கூடும், மொத்தம் 1,891. 1,891-ஐயும் 3,896-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ரப்பரை மிச்சம் பிடிப்பதா என்று முடிவு செய்யலாம். தொழிலுக்காகக் கடலில் இறங்கும் வழிகாட்டி ஒருவர் ஆண்டுக்கு 60 நாள், நாளுக்கு 2 மணி என்று 2 ஆண்டு பயன்படுத்தினால் 240 மணி. அதே 46,749 ரூபாய்க் கேமரா மணிக்கு 195 ரூபாய். விலை உயர்ந்த கேமரா அவருக்கு மலிவு, ஆண்டுக்கு நான்கு நாள் போகிறவருக்கு அல்ல.

போனே போதாதா என்பவர்களுக்கு ஐபி68 என்ற குறியைப் பிரிக்க வேண்டும். 7 என்ற இலக்கத்துக்கு 1 மீட்டர், 30 நிமிடம் என்று தரநிலையே வரையறுக்கிறது. 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை; ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் அறிவிப்பது. ஐபோன் 12 முதல் 6 மீட்டர், 30 நிமிடம். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசைக்கு 1.5 மீட்டர், 30 நிமிடம், நல்ல நீரில். நீர் புகுந்த சேதத்துக்கு ஆப்பிளின் உத்தரவாதம் கிடையாது. நீருக்குள் தொடுதிரை விரலை உணராது. இந்தியாவில் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 15-ஐக் கடலுக்குள் கொண்டுபோவதற்குப் பதில் 16,999 ரூபாய் ஹீரோவை வாங்கலாம்; விகிதம் 4.7. அதாவது கடலில் போன் போகும் வாய்ப்பு மொத்தத்தில் ஐந்தில் ஒன்று இருந்தாலே இரண்டும் ஏறத்தாழ ஒரே செலவு. போனுக்குள் இருக்கும் தொடர்பு எண்களையும் வங்கிச் செயலிகளையும் இதில் சேர்க்கவில்லை.

நீர் புகாமலே படம் கெடுவதும் உண்டு: லென்ஸுக்கு உள்ளே பூக்கும் பனிமூட்டம். கடற்கரையில் 33 பாகை செல்சியஸ் வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை 29 பாகை. கடல்நீர் 28 பாகை. அந்தக் காற்றை உள்ளே அடைத்துக் கதவை மூடினால் நீரில் இறங்கியதும் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். ஏசி அறையில் 24 பாகை, 50 சதவீத ஈரப்பதக் காற்றின் பனிநிலை 13 பாகை. கதவை அங்கே மூடினால் 28 பாகைக் கடலில் வியர்க்க வாய்ப்பில்லை. இரவில் அறையில் மட்டும் திறக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

மெமரி கார்டின் கணக்கு நேரடியானது. 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு 85 நிமிடம் தாங்கும். ஒன்றரை மணி முழுக்குக்கு 5 நிமிடம் குறைவு. 128 ஜிபி போட்டால் நாள் நடுவில் கதவைத் திறக்க வேண்டியதில்லை. கார்டின் விலை வித்தியாசத்தை நான் ரப்பர் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது எடை. நிலாவெளிப் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணை, கமராவைக் கையில கட்டுங்கோ. போன கிழமையும் ஒண்டு போட்டுது." ஹீரோ 12-இன் பெட்டி அளவு 71.8 × 50.8 × 33.6 மி.மீ.; கன அளவு 123 கன செ.மீ.; விலக்கும் கடல்நீர் 126 கிராம்; கேமராவின் எடை 154 கிராம். குறைந்தது 28 கிராம் கனத்தில் மூழ்கும். டிஜி-7 113.9 × 65.8 × 32.7 மி.மீ.; 245 கன செ.மீ.; விலக்கக்கூடியது 251 கிராம்; எடை 249 கிராம். காகிதத்தில் 2 கிராம் வித்தியாசத்தில் மிதக்க வேண்டும். ஆனால் மூலைகள் உருண்டவை, கைப்பிடி தவிர மற்ற இடம் உள்வாங்கியது. உடல் அந்தப் பெட்டியை நிரப்புவதில்லை. மூழ்கும்.

கடைசியில் நான் வாங்கியது செகண்ட் ஹேண்டில் ஒரு 15 மீட்டர், எஃப்/2.0 கேமரா. கூடவே புது ரப்பர், 128 ஜிபி கார்டு, மணிக்கட்டில் மாட்டும் ஆரஞ்சு நிறப் பஞ்சுப் பட்டை. பட்டையோடு சேர்த்துக் கேமராவை அதே டப்பில் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை அடிவரை அமுக்கி விட்டதும் மேலே வந்து, பட்டையின் ஒரு முனை மட்டும் நீருக்கு வெளியே நின்றது. டப்பில் இருந்தது குழாய்த் தண்ணீர். கடலில் மேலுந்தும் விசை இன்னும் 2.5 சதவீதம் கூடுதல்.